குளிர்காலக் குச்சியும் கூட்டுறவுச் சங்கமும்

கடன் வாங்கிப் பொருள் சேர்ப்பது ஒரு வழி. கையிலுள்ளதைப் பெருக்கிப் பொருள் சேர்ப்பது மற்றொரு வழி. கூட்டுறவு இயக்கம் இவ்விரு வழிகளுக்கும் இடந்தந்தே வளர்ந்தது. எனினும், நம் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர் எவருக்கும், முதல் வழியில் அங்கத்தினர் காட்டும் ஆர்வம் இரண்டாம் வழியில் காணப்படவில்லை என்பது எளிதில் விளங்கும். விதை வேண்டுமா, கடன். நாற்று வேண்டுமா, கடன். தொட்டி வேண்டுமா, அதற்கும் கடன். கடன் தருவது சங்கத்தின் கடமைகளுள் ஒன்றே. ஆனால், வீட்டு வாசலில் நிற்கும் செடியிலிருந்து ஒரு கத்திவெட்டில் கிடைக்கக்கூடிய பொருளை விலைக்கு வாங்குவதற்கும் கடன் கொடுப்பது உதவியாகாது. அது அங்கத்தினரின் கைத்திறனை மழுங்கச் செய்வதாகவே முடியும்.

இக்கருத்தை ஒரு சிறு எடுத்துக்காட்டின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். எடுத்துக்காட்டு, நம் மலைப்பகுதிகளில் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, பருவம், குளிர்காலம், இடம், அவரவர் வீடு.

மலைக்கு வந்த மலர்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய ஊர்களுக்குச் சென்றவர்கள், பந்துபந்தாகத் திரண்டு நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மலர்ந்து நிற்கும் இச்செடியைக் கண்டிருப்பார்கள். பழைய பங்களாக்களின் வேலியோரங்களிலும், பள்ளிகளின் முற்றங்களிலும், எளிய குடும்பங்களின் வாசற்படிக்கருகிலும் இது செழித்து வளர்கிறது. இதன் தாயகம் ஜப்பான். அங்கே இதனை ‘அஜிசாய்’ என்று அழைக்கின்றனர். ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞரான துன்பெர்க் 1784-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜப்பான் தாவர நூலில் இதனை விவரித்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இது இங்கிலாந்தின் கியூ தோட்டத்தை அடைந்தது. ஐரோப்பியர் குடியேறிய குளிர்ந்த மலைகளிலெல்லாம் பின்னர்ப் பரவியது. உதகையின் அரசு தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கப்பெற்றது. அயல்நாட்டுச் செடிகள் பல நம் மலைகளில் வேரூன்றியது அத்தகைய தோட்டங்களின் வழியாகவே.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நாம் இதழ்கள் என எண்ணி வியப்பவை உண்மையில் இதழ்கள் அல்ல. அவை வண்ணமேறிய புல்லிகள். பந்து போலத் திரளும் வகைகளில் அப்பூக்கள் பெரும்பாலும் விதை தருவதில்லை. ஆகவே, இவ்வகைச் செடி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் போனதெல்லாம் குச்சியாகவும் பதியனாகவுமே போயிற்று. உங்கள் வாசலில் நிற்பது என்றோ ஒருவர் வெட்டி மற்றொருவருக்கு அளித்த ஒரு கிளையின் தொடர்ச்சி. கொடுத்தும் வாங்கியும் வளர்ந்த இச்செடியைப் போலக் கூட்டுறவுக்கு ஏற்ற செடி வேறில்லை எனலாம்.

குச்சியிலிருந்து செடி வளர்ப்பது நம் மக்களுக்குப் புதிய கலையுமன்று. முருங்கைக்குப் போத்து நடுகிறோம். கரும்புக்குக் கரணை நடுகிறோம். பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரிக்குக் குச்சி நடுகிறோம். மலையிலுள்ள சிறு தேயிலை விவசாயிகள் ஓரிலைத் துண்டிலிருந்து நாற்று எடுப்பதை நன்கு அறிவார்கள். அதே அறிவை வாசற்பூவுக்கும் பயன்படுத்தினால் போதும்.

குளிர்காலம் ஏன்?

மழைக்காலத்தில் இளந்தண்டுகளை வெட்டி நட்டால் விரைவில் வேர் பிடிக்குமே, குளிர்காலத்தில் ஏன் நடவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. பசுந்தண்டு மூன்று, நான்கு வாரங்களில் வேர்விடும்; முதிர்ந்த தண்டு குளிரில் இரண்டு, மூன்று மாதங்கள் எடுத்துக்கொள்ளும். வேகம் ஒன்றையே கருதினால் மழைக்காலமே சிறந்தது.

ஆனால், வேகம் மட்டும் கணக்கன்று. மழைக்காலம் மலை விவசாயிக்கு வேலை மிகுந்த காலம். தேயிலை பறிப்பதிலும் காய்கறிப் பாத்திகளைப் பேணுவதிலும் வீட்டார் அனைவரும் ஈடுபட்டிருப்பர். டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை உறைபனி விழும் நாட்களிலோ பச்சைத் தேயிலை வரத்துக் குறையும். கைக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். அதே வேளையில் வருமானமும் சுருங்கும். செடிகளைக் கவாத்து செய்யும் பருவமும் அதுவே. வெட்டியெறியும் கிளைகள் வேலியோரத்தில் காய்ந்து சருகாகின்றன. எறியும் பொருளையும் ஓய்ந்த கையையும் ஒன்றுசேர்ப்பதே குளிர்காலக் குச்சியின் சிறப்பு. பத்தில் நான்கு பட்டுப்போனாலும் இழப்பதற்குக் காசு ஏதுமில்லை.

வேர் பிடிக்கும் முறை

முறையை இங்கே விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அறைகுறையாகக் கேட்டுச் செய்வதனாலேயே பலருடைய முயற்சி வீணாகிறது.

முதலாவது, குச்சியைத் தேர்ந்தெடுத்தல். அவ்வாண்டில் வளர்ந்த, பென்சில் பருமனுள்ள, நோயற்ற கிளையே ஏற்றது. கிளையின் நுனியில் பருத்த மொட்டு இருப்பின் அதனைத் தொடாது விடுக. அது வரும் பருவத்துப் பூவைத் தன்னுள் கொண்டிருப்பது. இச்செடியின் பெரும்பாலான பழைய வகைகள் முந்திய ஆண்டின் தண்டில்தான் பூக்கும். இதனை அறியாமல் செடி முழுவதையும் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டிவிட்டு, அடுத்த ஆண்டு பூக்கவில்லையே என்று வருந்துவோர் பலர். மொட்டில்லாத மெல்லிய கிளைகளையும், நெருக்கத்தைக் குறைக்க நீக்க வேண்டிய கிளைகளையும் மட்டுமே குச்சிக்கு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வெட்டுதல். காலை வேளையில், நன்கு தீட்டிய தூய கத்தியால் வெட்டுக. குச்சியின் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர். அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அதில் இரண்டு அல்லது மூன்று கணுக்கள் இருக்க வேண்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்வெட்டு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாகவும் அமைதல் நன்று. இவ்வாறு செய்தால் எது அடி, எது நுனி என்பதில் பின்னர்க் குழப்பம் நேராது. தலைகீழாக நட்ட குச்சி வேர் பிடிப்பது அரிது. கீழ்க்கணுவிலுள்ள இலைகளை அகற்றுக. மேற்கணுவில் பெரிய இலைகள் இருந்தால் அவற்றைப் பாதியாகக் கத்தரித்துவிடுக. வேரில்லாத குச்சிக்கு அகன்ற இலை ஒரு சுமை. உறிஞ்ச வழியில்லாத நீரை அது வெளியே விட்டுக்கொண்டேயிருக்கும்.

மூன்றாவது, நடும் கலவை. கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமண் அல்லது தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. சாணமோ உரமோ இந்நிலையில் வேண்டாம். வேரில்லாத குச்சிக்கு உரமிடுவது பல் முளைக்காத குழந்தைக்குச் சோறூட்டுவது போலாகும், குச்சி அழுகிவிடும். தொட்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுவதில்லை. அடியில் துளையிட்ட தகர டப்பாவும் பழைய மரப்பெட்டியும் போதும். வேர் தூண்டும் பொடிகள் கடைகளில் கிடைக்கின்றன, அவை கெடுதலல்ல. ஆயினும் ஹைட்ரேஞ்சியா தானாகவே வேர் விடக்கூடிய இயல்பினது. பொடி இல்லையென்று எவரும் காத்திருக்கத் தேவையில்லை.

நான்காவது, மூடிக் காத்தல். குச்சியின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்குமாறு, குறைந்தது ஒரு கணுவேனும் புதையுமாறு நட்டு, சுற்றிலும் மண்ணை அழுத்தி, ஒருமுறை நன்றாக நீர் விடுக. பிறகு காற்றின் ஈரம் குறையாதபடி மூட வேண்டும. பிற இடங்களில் இதற்குப் பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்துவர். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடையுள்ளது. தடையில்லையெனினும் மலைக்கு அது ஆகாது. கவிழ்த்த கண்ணாடி ஜாடியோ, மரப்பெட்டியின் மேல் வைத்த பழைய ஜன்னல் கண்ணாடியோ அதனினும் சிறந்த மூடியாகும். நாள்தோறும் சிறிது நேரம் மூடியைத் திறந்து காற்றாட விடுக. இல்லையேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்து குச்சிகளைக் கெடுக்கும். உதிர்ந்த இலைகளை அன்றன்றே எடுத்தெறிக.

ஐந்தாவது, வைக்கும் இடம். வெளிச்சம் வேண்டும்; நேர் வெயில் கூடாது. பனி விழும் திறந்தவெளியிலும் வைக்கலாகாது. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று பள்ளமான இடங்களில் தேங்குகிறது. ஆதலால்தான் மேட்டு நிலத்துச் செடி தப்பி, பள்ளத்துச் செடி கருகுவதைப் பார்க்கிறோம். ஒரு கூரைத் தாழ்வாரம் கூட வானத்தை மறைத்து அவ்வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். உதகைப் பூங்காவில் பனிக்காலத்தில் மிலார்ச் செடிகளைப் பரப்பிச் சிறு நாற்றுகளைக் காப்பது இவ்வுண்மையின் அடிப்படையில்தான். வீட்டில் அடுப்படிச் சுவரை ஒட்டிய ஜன்னலோரம் இருக்குமானால் அதுவே தக்க இடம். மண் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது வேர் முந்தும்.

இறுதியாக, பொறுமை. சில வாரங்களில் மேற்கணுவில் துளிர் தோன்றும். துளிர் கண்டவுடன் வேர் வந்துவிட்டதென்று எண்ணிப் பிடுங்கிப் பார்க்கலாகாது. தண்டில் சேமித்துள்ள சத்தைக் கொண்டே முதல் துளிர் வருகிறது. வேர் அதற்குப் பின்னரே. மெல்ல இழுத்தால் குச்சி அசையாது நிற்பதும், டப்பாவின் துளையில் வெள்ளிய வேர்நுனி தென்படுவதுமே மெய்யான அடையாளங்கள். பனி நீங்கிய மார்ச்சு மாதத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித் தொட்டிகளில் நட்டு, சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கலாம். பொதுவாக இரண்டாம் ஆண்டில் நல்ல பூவை எதிர்பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இச்செடியின் இலையிலும் மொட்டிலும் நச்சுத்தன்மை உள்ளது. ஆடு, மாடு, குழந்தைகள் வாய்வைக்காதபடி பார்த்துக்கொள்க. வெட்டிய இலைகளைத் தீவனத்தோடு கலந்துவிடலாகாது.

படிகாரமும் நீல நிறமும்

நெசவாளர் அன்பர்கள் இதுவரை படித்துவிட்டு, இது மலை விவசாயிகளின் செய்தி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. இம்மலரின் நிறத்தில் அவர்கள் தொழிலின் இரகசியம் ஒன்று அடங்கியிருக்கிறது.

சாயவேர் போன்ற இயற்கைச் சாயங்கள் பருத்தி நூலில் தாமாக நிலைத்து நிற்பதில்லை. படிகாரம் கொண்டு நூலைப் பக்குவப்படுத்திய பின்னரே சாயம் பற்றும் என்பதை நம் சாயத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். படிகாரத்திலுள்ள அலுமினியம் நூலையும் சாயத்தையும் இணைக்கும் கண்ணியாகிறது. ஹைட்ரேஞ்சியாவிலும் அதே அலுமினியந்தான் வேலை செய்கிறது. பூவிலுள்ள நிறப்பொருள் தனித்திருந்தால் இளஞ்சிவப்பு. வேர் வழியே ஏறிய அலுமினியத்தோடு சேர்ந்தால் நீலம். மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைக்கும். சுண்ணாம்புத் தன்மை மிகுந்தால் கிடைக்காது. அமிலநிலை அளவு 5.5-க்குக் கீழே இருக்கும் மண்ணில் பெரும்பாலும் நீலமும், 6.5-க்கு மேற்பட்டால் இளஞ்சிவப்பும், இடைப்பட்ட நிலையில் ஊதாவும் காணலாம். வெள்ளை வகைகள் மட்டும் இம்மாற்றத்திற்கு உட்படுவதில்லை. தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்ணே நீல மலருக்கும் ஏற்றது. நீலகிரியில் நீலப்பந்துகள் மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

இச்செய்தி வெறும் வியப்புக்குரியதன்று; வாணிகத்துக்கும் உரியது. நீலப்பூச் செடியின் குச்சி தாயின் வகையையே கொண்டிருக்கும். ஆனால் தாயின் நிறத்தைக் கொண்டிருக்குமென்று உறுதி கூற முடியாது. வாங்கியவர் அடுப்புச் சாம்பலைக் கொட்டினாலோ, சுண்ணாம்பு கலந்த மண்ணில் நட்டாலோ நீலம் சிவந்துவிடும். ‘நீலம்’ என்று சொல்லி விற்ற செடி இளஞ்சிவப்பாகப் பூத்தால், வாங்கியவர் மண்ணைக் குறை கூறமாட்டார். விற்ற சங்கத்தையே குறை கூறுவார். ஆகவே, செடியோடு சேர்த்து நான்கு வரி விளக்கமும் கொடுத்தனுப்புவது நேர்மையான விற்பனையாகும். வேர் நன்கு பிடித்து வளர்ந்த செடிக்கு லிட்டர் நீருக்கு மூன்று அல்லது நான்கு கிராமுக்கு மேற்படாமல் படிகாரம் கரைத்து எப்போதாவது விடலாம் என்றும், இளங்குச்சிக்கு அது ஆகாதென்றும், வேரைக் கருக்கும் அளவுக்கு மிகைப்படுத்தலாகாதென்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். நூலின் நம்பர் ஒன்றும் உள்ளே இருக்கும் நூல் மற்றொன்றுமாக இருந்தால் நெசவாளர் எத்துணை வருந்துவார்களோ, செடி வாங்குவோரும் அத்துணையே வருந்துவர்.

கடனாகப் போன செடிகள்

நான் தணிக்கைக்காகச் சென்ற ஒரு மலைக்கிராமச் சங்கத்தில் கண்டதை ஊர்ப்பெயர் குறிப்பிடாமல் இங்கே சொல்கிறேன். அலங்காரச் செடிகள் வளர்த்து விற்பதற்கென்று அங்கத்தினர் சிலர் கடன் பெற்றிருந்தனர். கடன் தொகையின் பெரும்பகுதி, வெப்பமான நாற்றுக்கூடத்தில் வளர்ந்த செடிகளை வெளியூரிலிருந்து வாங்குவதிலேயே சென்றுவிட்டது. செடிகள் வந்திறங்கியது டிசம்பரில். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறந்த பாத்தியில் நட்டார்கள். முதல் உறைபனி இரவுக்குப் பின் பாத்தி முழுவதும் கறுத்துக் கிடந்தது. செடிகள் போயின, கடன் போகவில்லை. தவணை கடந்த கடன்களின் பட்டியலில் அப்பெயர்கள் வரிசையாக ஏறின. அவர்கள் ஏமாற்றுக்காரர்களல்லர்; நாணயமுள்ள உழைப்பாளிகள். வட்டி ஏற ஏறச் சங்கக் கூட்டத்திற்கு வருவதையே அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பெருந்துயரம் அளித்தது. ஓர் அங்கத்தினர் பணத்தை இழந்தால் ஈடுசெய்யலாம். கூட்டத்தில் நிமிர்ந்து உட்காரும் தைரியத்தை இழந்தால் சங்கத்திற்கு அது பேரிழப்பு.

அதே ஊரில், அதே தெருவில், கடன் வாங்காத ஓர் அம்மையார் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் தகர டப்பாக்களில் ஹைட்ரேஞ்சியாக் குச்சிகளை நட்டு வைத்திருந்தார். அண்டை வீட்டில் கவாத்து செய்தபோது வீசியெறிந்த கிளைகள் அவை. சில பட்டுப்போயிருந்தன; பல துளிர்த்திருந்தன. அவற்றைப் பற்றிச் சங்கத்தார் எவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சங்கத்தின் பணம் வெளியூர் நாற்றுக்கூடத்தைத் தேடிப் போயிற்று. சங்கத்துக்கு வேண்டிய அறிவோ நான்கு வீடு தள்ளித் தாழ்வாரத்தில் இருந்தது.

குச்சிக் கடன்

ஆகவே, மலைப்பகுதிச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதல் யோசனை, தாய்ச்செடிப் பாத்தி. சங்கக் கட்டடத்தின் அருகிலோ, இடமளிக்க இசையும் அங்கத்தினர் ஒருவரின் நிலத்திலோ, நன்கறிந்த வகைகளில் சில செடிகளைத் தாய்ச்செடிகளாகப் பேண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே வகை, நட்ட நாள், எங்கிருந்து பெறப்பட்டது என்னும் விவரம். உரிமை பெற்ற புதிய வகைகளை உரியவரின் இசைவின்றிப் பெருக்கி விற்கலாகாது. நம் மலைகளில் நெடுங்காலமாக வளர்ந்துவரும் பழைய வகைகளே நமக்குப் போதும்.

இரண்டாவது, குச்சிக் கடன். பணமாகக் கொடுக்காமல் குச்சியாகக் கொடுங்கள். பணமாகத் திரும்பப் பெறாமல் வேர்பிடித்த செடியாகப் பெறுங்கள். பத்துக் குச்சி பெற்ற அங்கத்தினர், அடுத்த ஆண்டு இரண்டு செடிகளைச் சங்கத்திற்குத் திருப்பித்தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஆறு பிழைத்தால் இரண்டு சங்கத்திற்கு, நான்கு அவருக்கு. நான்கும் வளர்ந்தபின் ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று குச்சி எடுத்தால் பன்னிரண்டு. இக்கடனில் வட்டி ஏறுவதில்லை, செடிதான் ஏறுகிறது. பனியில் எல்லாம் பட்டுப்போனாலும், அடுத்த குளிர்காலத்தில் மறுபடி பத்துக் குச்சி கொடுப்பதனால் சங்கம் நொடித்துவிடாது. செடியைக் கணக்கில் எழுதுவது எவ்வாறு என்று செயலாளர்கள் தயங்க வேண்டாம். நெல்லை அளந்து கொடுத்து நெல்லாகவே வாங்கிப் பழகிய நாட்டில் குச்சியை எண்ணிக் கொடுத்துச் செடியாக வாங்குவது அரிதன்று. பெயர், நாள், கொடுத்த எண்ணிக்கை, பிழைத்த எண்ணிக்கை, திரும்பியது என்று ஐந்து கலங்கள் கொண்ட ஒரு பதிவேடு போதும். துணைவிதிகளுக்கு உட்பட்டுப் பொதுப்பேரவையில் தீர்மானம் நிறைவேற்றிச் செய்தால் தணிக்கையாளர் எவரும் குறை காணமாட்டார்.

மூன்றாவது, கூடி விற்றல். ஒருவர் நான்கு செடிகளைக் கையிலேந்திச் சாலையோரத்தில் நின்றால், சுற்றுலா வந்தவர் சொல்வதே விலை. நாற்பது வீட்டுச் செடிகள் ஓரிடத்தில் தரம் பிரித்து வைக்கப்பட்டால் சங்கம் சொல்வது விலை. மலை விவசாயிகள் இப்பாடத்தை அறியாதவரல்லர். உருளைக்கிழங்கும் காய்கறியும் விற்கும் பொருட்டு நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935-இல் தோன்றியது. நெசவாளருக்கெனக் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அதே ஆண்டில்தான். சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குத் தலைமை அமைப்பாக இன்கோசர்வ் 1965-இல் அமைந்தது. துணிக்கும் தேயிலைக்கும் கிழங்குக்கும் பொருந்திய நெறி பூஞ்செடிக்குப் பொருந்தாமற் போகாது.

சில ஐயங்கள்

‘இது செல்வர் வீட்டுத் தோட்டத்துப் பூ, ஏழை விவசாயியின் பசிக்கு இதனால் என்ன பயன்?’ என்று கேட்கலாம். உணவுப் பயிர் நிற்கும் நிலத்தை எடுத்துப் பூவுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிழங்குப் பாத்தி கிழங்குக்கே இருக்கட்டும். தாழ்வாரத்தையும் ஜன்னலோரத்தையும் வேலியடியையுமே கேட்கிறேன். அவ்விடங்களில் இப்போது விளைவது ஒன்றுமில்லை. வருமானமும் பெரிதாக இராது. இதனால் வீடு கட்டலாமென்றோ நிலம் வாங்கலாமென்றோ எவருக்கும் ஆசை காட்டமாட்டேன். பச்சைத் தேயிலைப் பணம் சுருங்கும் மாதங்களின் உழைப்பு, பின்னொரு நாள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ வீட்டு மளிகைக்கோ உதவுமானால் அதுவே போதிய பயன். அவ்வருவாய் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் சேரும் என்பதும், அவர்களைத் தனி அங்கத்தினராகச் சேர்ப்பதற்கு இது ஒரு வாயிலாகும் என்பதும் சங்கங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

‘சமவெளியில் இருப்பவர்கள் என்ன செய்வது?’ என்பது அடுத்த கேள்வி. ஹைட்ரேஞ்சியா குளிர்ச்சியை விரும்பும் செடி. காஞ்சியிலும் சேலத்திலும் வெயிலில் அதை வளர்க்க முயல்வது வீண் செலவு. அதற்காக வாங்கும் கடனும் வீண் கடனே. ஆனால் செடி மாறினாலும் நெறி மாறாது. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் மல்லிகையும் குச்சியிலிருந்து வளர்பவையே. தறிக்கூடத்தின் பின்புறத்தில் நாலு முழ இடமுள்ள நெசவாளர், தம் ஊர் மழைக்காலத்தில் தம் ஊர்ச் செடியைக் கொண்டு இதையே செய்யலாம். எந்த மண்ணுக்கு எது உரியதோ அதையே பெருக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

‘கடையில் வாங்குவது எளிதாயிற்றே!’ என்பார்கள். எளிதுதான். ஆயத்த ஆடை வாங்குவதும் எளிதுதான்; அதற்காக நாம் தறியை நிறுத்திவிட்டோமா? வாங்குவதால் பொருள் கிடைக்கிறது. செய்வதால் பொருளோடு திறனும் கிடைக்கிறது. திறனை எந்தப் பனியும் கருக்குவதில்லை. எந்தத் தவணையும் அதைப் பறிமுதல் செய்வதில்லை.

அன்பர்களே! சங்கத்தின் மூலதனம் பெட்டியிலுள்ள ரொக்கம் மட்டுமன்று. அங்கத்தினரின் கையிலும் கண்ணிலும் உள்ள அறிவும் மூலதனமே. கடன் மனு எழுதுமுன் ஒருமுறை நம் வாசலையும் அண்டை வீட்டு வேலியையும் பார்ப்போம். இவ்வாண்டுக் கவாத்தின்போது வெட்டும் கிளைகளை எறியாது சங்கத்திற்குக் கொண்டுவருமாறு அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி எழுதிப் போடட்டும் செயலாளர்கள். அம்முறை அறிந்த அம்மையார் ஒருவர் ஊருக்கு ஒருவரேனும் இருப்பார். அவரை அழைத்து, அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தீர்மானமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஒரு கத்தியும் ஒரு தகர டப்பாவும் போதும். பனி விலகும் மார்ச்சு மாதத்தில் எத்தனை குச்சி பிழைத்தது என்பதை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். அவ்வெண்ணிக்கை சிறியதாயினும், அது கடனின்றி வந்த கணக்காக இருக்கும்.